பச்சை எரிந்தால் போதுமா?: கல்வி ரோபோக்களின் நிலை விளக்குகள் வளர்ந்த கதை

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பர்டன் நரம்பியல் ஆய்வகம் என்றொரு நிறுவனம் இருந்தது. அங்கே மூளை அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த வில்லியம் கிரே வால்டர் 1948, 1949ஆம் ஆண்டுகளில் இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். எல்மர், எல்ஸி என்று பெயரும் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெற்றிடக் குழாய்கள், ஓர் ஒளி உணரி, ஒரு தொடு சுவிட்ச், இரண்டு மோட்டார்கள். ஒரு மோட்டார் ஓட்டும். இன்னொன்று முன்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். உணரியில் வெளிச்சம் பட்டதும் திருப்பும் மோட்டார் நின்றுவிடும். ஆமை வெளிச்சத்தை நோக்கிப் போகத் தொடங்கும்.

திருப்பும் மோட்டார் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். அதற்காக ஆமையின் முன்பக்கத்தில் ஒரு சிறு டார்ச் பல்பைப் பொருத்தினார் வால்டர். மோட்டார் ஓடினால் பல்பு எரியும், நின்றால் அணையும். வேறு வேலை அதற்கு இல்லை. ஆனால் ஆமை கண்ணாடிக்கு முன்னால் வந்தபோது நிலைமை மாறியது. பல்பின் பிம்பத்தை உணரி வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டது. உடனே மோட்டார் நின்றது, பல்பு அணைந்தது. பல்பு அணைந்ததால் பிம்பமும் மறைந்தது. மோட்டார் மறுபடி ஓடியது, பல்பு மறுபடி எரிந்தது. இப்படி மினுக்கியபடி ஆமை கண்ணாடி முன் தள்ளாடி ஆடியது. ஒரு விலங்கு இப்படி நடந்துகொண்டால் அது தன்னைத் தானே அறிகிறது என்றுகூடச் சொல்லிவிடுவார்கள் என்று வால்டர் தம் ‘தி லிவிங் பிரெயின்’ (1953) நூலில் எழுதினார்.

நிலை விளக்குகளின் வரலாற்றை இந்த ஆமையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. சுற்றின் எந்த இடத்தில் ஒரு விளக்கு இணைக்கப்பட்டிருக்கிறதோ, அந்த இடத்தைப் பற்றி மட்டுமே அது பேசும். வால்டரின் பல்பு பேசியது ஒரு மோட்டாரைப் பற்றி. தன்னுணர்வு என்பது பார்த்தவர்கள் சேர்த்துக்கொண்ட பொருள். அடுத்த எழுபது ஆண்டுகளில் வகுப்பறைக்கு வந்த ரோபோக்களிலும், விளக்கு சொல்வதற்கும் பார்ப்பவர் புரிந்துகொள்வதற்கும் நடுவே இந்த இடைவெளி விழுந்துகொண்டே இருக்கிறது.

வால்டரின் ஆமையிடமிருந்து பெயரைப் பெற்றுக்கொண்டது சீமோர் பேப்பர்ட்டின் லோகோ ஆமை. குழந்தைகளுக்கான கணினி மொழியாக லோகோ 1967இல் பிறந்தது. தரையில் ஊர்ந்து படம் வரையும் ஆமை சில ஆண்டுகளில் அதனுடன் சேர்ந்தது. அந்த ஆமைக்குத் தன் மூளை என்று எதுவும் கிடையாது. அறையின் ஓரத்தில் இருந்த பெரிய கணினிதான் நீண்ட கேபிள் வழியாக அதை ஆட்டிவைத்தது. ஆகவே உள்ளே என்ன நடக்கிறது என்று ஆமை அறிவிக்க வேண்டிய தேவையும் எழவில்லை. பின்னாளில் விற்பனைக்கு வந்த டெராபின் ஆமைக்கு விளக்குகள் கண்களாக அமைந்தன. எரியச் சொன்னால் எரியும், அணையச் சொன்னால் அணையும். அவை குழந்தையின் கட்டளைக்குப் பணிந்த விளக்குகள். பொறியின் நலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதவை.

மூளை பொம்மைக்குள்ளேயே குடியேறியபோதுதான் சிக்கல் தொடங்கியது. எம்ஐடி மீடியா லேபில் உருவான ‘நிரல் எழுதக்கூடிய செங்கல்’ ஆராய்ச்சியின் வழியில், 1998இல் லெகோ நிறுவனம் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ஆர்சிஎக்ஸ் என்ற மஞ்சள் பெட்டியை வெளியிட்டது. பேப்பர்ட் 1980இல் எழுதிய நூலின் தலைப்பே அதன் பெயரானது. ஆறு ஏஏ பேட்டரிகள், 32 கிலோபைட் நினைவகம், சிறிய எல்சிடி திரை. நிரல் ஓடும்போது அந்தத் திரையில் ஒரு குட்டி மனிதன் நடப்பான். ஃபர்ம்வேர் என்னும் அடிப்படை மென்பொருள் அழிந்துபோனால் கடிகார எண்கள் திரையில் தோன்றாது. பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் வைத்திருந்தாலே அது அழிந்துவிடும் என்பதால் இது அடிக்கடி நேர்ந்தது. இருப்பதைப் பார்ப்பது எளிது. காணாமற்போனதைக் கவனிக்கச் சொல்வது குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகமான எதிர்பார்ப்புதான். 2006இல் வந்த என்எக்ஸ்டி இன்னும் ஒரு படி விநோதம்: ஃபர்ம்வேருக்காகக் காத்திருக்கும்போது திரை வெறுமையாக இருக்க, பெட்டி மெல்லிய டிக் டிக் ஒலி எழுப்பும். காதருகே வைத்துக் கேட்க வேண்டும்.

2013இல் வந்த ஈவி3 இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டப் பார்த்தது. பொத்தான்களைச் சுற்றி ஒளிரும் வளையம். மூன்று நிறம், இரண்டு விதமான ஒளிர்வு, ஆக ஆறு நிலைகள். நிலையான சிவப்பு என்றால் பெட்டி விழித்துக்கொண்டிருக்கிறது, அல்லது அணைகிறது, அல்லது புதுப்பிக்கப்படுகிறது. துடிக்கும் சிவப்பு, வேலை மும்முரத்தைக் குறிக்கும். பச்சை நிலையாக எரிந்தால் தயார். துடித்தால் நிரல் ஓடுகிறது. ஆரஞ்சிலும் அதே இரண்டு நிலைகள்தாம், கூடவே ஓர் எச்சரிக்கை. இந்த அமைப்பில் நிறம் உடல்நலத்தையும் துடிப்பு செயலையும் சொல்கிறது. இரண்டு கேள்விகளைத் தனித்தனியே பிரித்ததுதான் இதன் அழகு. துடிக்கும் பச்சையைப் பார்த்தும் சக்கரம் சுழலவில்லை என்றால், நிரல் ஓடத்தான் செய்கிறது. ஏதோ ஓர் உணரிக்காகக் காத்து நிற்கலாம், அல்லது மோட்டார் கேபிள் வேறு துளையில் செருகப்பட்டிருக்கலாம். பெட்டியை அணைத்துப் போடுவதால் பயன் இல்லை.

இந்த வடிவமைப்பில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது என்பது வட ஐரோப்பிய மக்களிடையே கண்ட கணக்கு. அத்தகைய மாணவனுக்குத் துடிப்பு புரியும். பச்சையா ஆரஞ்சா என்பது புரியாமல் போகலாம். எச்சரிக்கை இருக்கும் இடமோ அதுதான். இரண்டாவது ஓட்டை இன்னும் சுவையானது. ஈவி3 மென்பொருளில் அந்த வளையத்தின் நிறத்தை மாற்ற ஒரு கட்டளைக் கட்டம் இருக்கிறது. ஒரு மாணவி தன் நிரலில் சிவப்பைப் போட்டுவிட்டால், பெட்டி எந்தக் குறையும் இல்லாமலே சிவப்பாக ஒளிரும். நிலை விளக்கு அப்போது மறுபடி டெராபின் ஆமையின் கண்ணாகிவிடுகிறது. கற்பித்தலுக்கு அது நல்ல வசதி. பழுது பார்ப்பவருக்குத் தலைவலி.

டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் போட்டிகளில் இந்தச் சுதந்திரம் கிடையாது. அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கட்டும் ரோபோ ஐம்பது கிலோ எடையைத் தாண்டுவது சாதாரணம். அது திடீரென்று அசைந்தால் கை முறியும். எனவே ஒவ்வொரு ரோபோவிலும் ஆரஞ்சு மஞ்சள் நிற விளக்கு ஒன்று வெளியே தெரியும்படி இருந்தே ஆக வேண்டும். நிலையாக எரிந்தால் ரோபோவுக்கு மின்சாரம் இருக்கிறது, அசைய அனுமதி இல்லை. மினுக்கினால் அனுமதி இருக்கிறது, அருகே போகக்கூடாது. எரியவே இல்லை என்றால் ரோபோ அணைந்திருக்கலாம், அல்லது விளக்கின் கம்பி விட்டுப்போயிருக்கலாம். ஒரே நிறம், வேறுபாடு முழுவதும் தாளத்தில். நிறக்குருடு இங்கே ஒரு பொருட்டில்லை, தொலைவிலிருந்தும் படிக்கலாம். மாணவர்களின் நிரல் இந்த விளக்கைத் தொட முடியாது என்பது இன்னும் முக்கியம். தொழிற்சாலைகளில் புழங்கும் விளக்கையே இதற்கு எடுத்துக்கொண்டார்கள்.

அதே போட்டிகளில் 2015 முதல் மூளையாக இருப்பது நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த ரோபோரியோ. அதன் முகப்பில் வரிசையாகச் சிறு விளக்குகள். அவற்றுள் ‘காம்’ என்ற விளக்கு ஈவி3 சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. அணைந்திருந்தால் ஓட்டுநரின் கணினியோடு தொடர்பே இல்லை. நிலையான சிவப்பு என்றால் தொடர்பு இருக்கிறது, மாணவர் எழுதிய நிரல் ஓடவில்லை. மினுக்கும் சிவப்பு, அவசர நிறுத்தம். பச்சை என்றால் எல்லாம் இணைந்திருக்கிறது. வைஃபையையும் கம்பியையும் சோதித்து நேரத்தைக் கரைக்க வேண்டுமா, கணினி முன் உட்கார்ந்து நிரலைப் பார்க்க வேண்டுமா என்பதை இந்த ஒரு விளக்கு தீர்த்துவைக்கும்.

‘பவர்’ விளக்கின் கதை இதைவிடச் செறிவானது. போட்டி ரோபோக்களில் நெடுங்காலம் புழங்கிய சிம் வகை மோட்டார், சுழலவிடாமல் தடுக்கப்பட்டால் 12 வோல்ட்டில் 131 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு மோட்டார்கள் சேர்ந்து எதிரணி ரோபோவை முட்டித் தள்ளும்போது பேட்டரியின் மின்னழுத்தம் தடாலென்று சரியும். 6.3 வோல்ட்டுக்குக் கீழே போனதும் முதல் தலைமுறை ரோபோரியோ தன்னைக் காத்துக்கொள்வதற்காக மோட்டார்களுக்கான கட்டளைகளை நிறுத்திவிடும். சுமை நீங்கியதும் மின்னழுத்தம் மீளும், மோட்டார் ஓடும், மறுபடி சரியும். வெளியே பார்ப்பவருக்கு ரோபோ திக்கித் திக்கி நகர்வது தெரியும். நிரலில் பிழை என்று தோன்றும். அந்த நேரத்தில் பவர் விளக்கு பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு மாறியிருக்கும். குற்றவாளி பழைய பேட்டரியோ தளர்ந்த முனையோதான்.

நிறம், தாளம் ஆகிய இரண்டும் போதாமல் போகும்போது எண்ணிக்கை வருகிறது. ரோபோரியோவின் ‘ஸ்டேட்டஸ்’ விளக்கு வழக்கமாக அணைந்தே இருக்கும். இரண்டு முறை மினுக்கி நிறுத்தினால் மென்பொருள் பிழை, மூன்று என்றால் பாதுகாப்பு நிலை, நான்கு என்றால் மென்பொருள் இரண்டு முறை முடங்கிவிட்டது. பள்ளி ரோபோக்கள் பலவற்றில் மூளையாக அமரும் ராஸ்பெரி பையிலும் இதே உத்தி உண்டு. ஏழு மினுக்கல் என்றால் இயங்குதளத்தின் கருக்கோப்பு கிடைக்கவில்லை.

சிறு குழந்தைகளுக்கு இந்த எண்கணக்கு உதவாது. 2016இல் பிரிட்டனில் ஏறக்குறைய பத்து லட்சம் மாணவர்களுக்கு இலவசமாகத் தரப்பட்ட பிபிசி மைக்ரோபிட் என்ற குட்டிக் கணினி, தன் 25 எல்இடிகளில் ஒரு சோக முகத்தைக் காட்டிவிட்டுப் பிழை எண்ணை ஓடவிடும். முகம் குழந்தைக்கு, எண் ஆசிரியருக்கு. சுவிட்சர்லாந்தின் ஈபிஎஃப்எல் கல்விநிலையத்தில் உருவான தைமியோ ரோபோ வேறு வழியில் போனது. பச்சை என்றால் நட்பாகப் பின்தொடரும், சிவப்பு என்றால் பயந்து விலகும், மஞ்சள் என்றால் சுற்றித் திரியும். அதோடு, ஒவ்வோர் அகச்சிவப்பு உணரியின் பக்கத்திலும் ஒரு சிவப்பு எல்இடி. உணரி எதையாவது கண்டால் அது ஒளிரும். உணரியையும் விளக்கையும் அருகருகே வைத்ததால், விளக்கு எதைப் பற்றிப் பேசுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வால்டரின் பல்புக்கு இருந்த நேர்மை இதில் திரும்பக் கிடைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

தொடுதிரைகள் வந்த பிறகும் விளக்குகள் போகாததற்குக் காரணம் எளியது: திரைக்கு முழு மென்பொருளும் ஓட வேண்டும், விளக்குக்கு அவ்வளவு வேண்டியதில்லை. லெகோவின் ஸ்பைக் பிரைம் ஃபர்ம்வேர் ஏற்றும் நிலைக்குப் போகும்போது, வேறெதுவும் வேலை செய்யாத அந்த நேரத்தில், புளூடூத் பொத்தான் மட்டும் இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி மின்னுகிறது.

எல்லா விளக்குக்கும் பொருள் உண்டு என்றும் நம்பிவிடக் கூடாது. ரோபோரியோவின் முகப்பில் ‘ரேடியோ’ என்று பெயர் பொறித்த விளக்கு ஒன்று உண்டு. ஃபர்ஸ்ட் போட்டிக்கான ஆவணத்தில் அதற்கு நேரே, இது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்றே குறித்திருக்கிறார்கள். கம்பியில்லாத் தொடர்பைச் சோதிக்க விரும்புகிறவர் அதை விட்டுவிட்டு, ரேடியோ பெட்டியின் மேலேயே இருக்கும் விளக்குகளைப் பார்க்க வேண்டும்.