கொசுறு போன கதை

போன மாதம் முதல் வாரம், மாசச் சாமான் வாங்க வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். கடையின் பெயர் வேண்டாம். நீங்கள் போகும் கடையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். துவரம்பருப்பு அடுக்கியிருந்த தட்டின் விளிம்பில் ஒரு விலை ஒட்டியிருந்தது. பில்லில் அதைவிட 18 ரூபாய் கூடுதலாக வந்தது. கேட்டேன். பில் போடும் பெண் நிமிராமலே, "சிஸ்டத்துல அதுதான் சார் வருது" என்றாள். மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் மாடியில் இருக்கிறாராம். எனக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் வாய்விட்டே பெருமூச்சு விட்டார். இருந்த நான்கு கவுன்ட்டரில் திறந்திருந்தது ஒன்றுதான்.

பணத்தைக் கொடுத்துவிட்டு, பையில் நானே அடுக்கிக்கொண்டு, ஆட்டோவில் நானே ஏற்றிக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் கோபம். வீட்டுக்கு வந்து மின்விசிறிக்கடியில் உட்கார்ந்தபோது, கோபம் போய் ஒரு சந்தேகம் வந்தது. அலமாரி அலமாரியாகத் தேடியது நான். எடுத்தது, தள்ளியது, பிரித்து அடுக்கியது எல்லாம் நான். இந்த வேலைகளை எப்போது என் தலையில் கட்டினார்கள்? பதிலுக்கு எனக்கு என்ன கொடுத்தார்கள்? அதைத் தேடிப் படித்ததில்தான் இந்தக் கட்டுரை.

நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில். எங்கள் தெருமுனைச் செட்டியார் கடையில் வாடிக்கைக்காரர்கள் யாரும் உள்ளே போக முடியாது. குறுக்கே ஒரு பலகை. அதற்கு அப்பால் சாக்கு மூட்டைகள், தகர டின்கள், தராசு. தலைக்கு மேலே நூல்கண்டு தொங்கும். அம்மா எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினால், கடைப்பையன் எட்டாக மடித்த செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, அந்த நூலை நாலு சுற்றுச் சுற்றி, விரலால் வெட்டி இழுத்து அறுப்பான். மீட்டர் முறை வந்து கிலோ புழக்கத்துக்கு வந்த பிறகும் பாட்டி வீசை, பலம் என்றுதான் சொல்லியனுப்புவாள். 40 பலம் ஒரு வீசை என்பது செட்டியாருக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும். கிலோவுக்கு மாற்றும்போது யாருக்கு லாபம் என்பதில்தான் தகராறு. கடைசியில் என் கையில் ஒரு துண்டு வெல்லமோ, ஒரு பிடி பொட்டுக்கடலையோ விழும். கொசுறு. அதற்காகத்தான் கடைக்குப் போக நானும் தம்பியும் சண்டை போட்டுக்கொள்வோம்.

அதெல்லாம் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மிளகில் பப்பாளி விதை இருந்தது. அரிசியில் கல் பொறுக்குவது வீட்டுப் பெண்களின் பாதிக் காலைப் பொழுதைத் தின்றது. பற்றுக் கணக்கில் வாங்குகிறவன் விலை கேட்க முடியாது. நோட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விலை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாள் அதே கடைக்கு வந்தால் பலகையருகே வர மாட்டார். படிக்குக் கீழே நிற்பார். பொட்டலம் அவர் கைக்குக் கொடுக்கப்படாது, ஓரத்தில் வைக்கப்படும். எட்டு வயதில் அது எனக்கு விசித்திரமாகக்கூடத் தெரியவில்லை என்பது இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்த மளிகைக்கடை முறைக்கு மாற்றாக எங்கள் பேட்டையிலேயே ஒன்று பிறந்திருந்தது. டி.யு.சி.எஸ். என்று நாம் சொல்லும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். ஆண்டு 1904. வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி முதலியவர்கள் முன்னின்று தொடங்கினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, சாமானை மொத்தமாக வாங்கி, நியாயமான விலைக்குத் தங்களுக்குள் விற்றுக்கொள்வது என்பதுதான் யோசனை. அதன் மூலம் இங்கிலாந்தில் இருக்கிறது. 1844 டிசம்பரில் ராச்டேல் என்ற நெசவாலை ஊரில், கலப்பட மாவாலும் குறை எடையாலும் நொந்துபோன 28 பேர் சேர்ந்து ஒரு சின்னக் கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் என்று நாலைந்து சாமான்தான். கலப்படம் கிடையாது, எடை குறையாது, கடன் கிடையாது. லாபம் வந்தால், யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் பிரித்துக்கொள்வது. கொசுறுக்கே ஒரு சட்டம் எழுதியது மாதிரி!

அப்பா டி.யு.சி.எஸ். உறுப்பினர். அங்கே வரிசை உண்டு, அலுப்பு உண்டு, "ஸ்டாக் இல்லை" என்ற பதில் நிறைய உண்டு. ஆனால் விலை எழுதிய கரும்பலகைக்கும் பில்லுக்கும் வித்தியாசம் வந்ததாக அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. 1966-இல் ரூபாய் மதிப்பைக் குறைத்ததும் விலைவாசி ஏறியது. அந்த வருடமே டெல்லி கன்னாட் பிளேஸில் 'சூப்பர் பஜார்' என்ற பெரிய கூட்டுறவு அங்காடியைத் திறந்தார்கள். நம் பக்கத்தில் சிந்தாமணி, காமதேனு என்ற பெயர்கள் பலருக்கு நினைவிருக்கும். கேட்டதைத் தரும் பெயர்களாகப் பார்த்துத்தான் வைத்தார்கள், கேட்டது கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

சரி, நாமே எடுத்துக்கொள்ளும் முறை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரம், 1916 செப்டம்பர். கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற வேடிக்கையான பெயரில் ஒரு கடை திறந்தார். அதுவரை அங்கேயும் நம் செட்டியார் கடை மாதிரிதான். குறுக்கே மேஜை, பின்னால் ஆள், சீட்டைக் கொடுத்தால் எடுத்து வருவார். சாண்டர்ஸ் அந்த மேஜையை எடுத்துவிட்டார். வாசலில் ஒரு சுழல் கதவு. கையில் ஒரு கூடை. உள்ளே போனால் ஒரே வழி. எல்லா அலமாரியையும் தாண்டித்தான் வெளியே வர முடியும், வெளியே வரும் இடத்தில் காசாளர். ஒவ்வொரு பொருளின் மேலும் விலை. அடுத்த வருடமே இந்த அமைப்புக்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார்.

அவர் ஜனங்களிடம் செய்துகொண்ட ஒப்பந்தம் இரண்டே வரி. எடுத்துத் தருகிற ஆளின் வேலையை நீ செய், அந்த ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்தை விலையில் குறைக்கிறேன். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். (பாவம், 1923-இல் பங்குச் சந்தைச் சூதில் மாட்டி மனிதர் தன் கம்பெனியையே இழந்தார்.) 1937-இல் ஓக்லஹோமாவில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் தள்ளுவண்டியைக் கண்டுபிடித்தபோது, யாரும் அதைத் தொடவில்லையாம். கடைசியில் கூலிக்கு ஆள் வைத்து, கடைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரிய வைத்தார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் தள்ள ஆரம்பித்தார்கள். 1974 ஜூனில் ஒஹாயோவில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டைக் கோடுகளின் மேல் ஒளி காட்டி முதன்முதலாக பில் போட்டார்கள். அதன் பிறகு, பொருளின் மேல் விலை ஒட்டும் வேலையும் மெல்லப் போயிற்று. விலை கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. என் 18 ரூபாயும் அன்றைக்கே கொஞ்சம் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

சென்னைக்கு இந்த ஏற்பாடு பெரிய அளவில் வந்தது 1996-இல். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஃபுட்வேர்ல்டு திறந்தது. நானும் மனைவியும் பார்க்கவென்றே போனோம். ஏ.சி. போட்ட மளிகைக்கடை! மறுவருடம் திருவான்மியூரில் சுபிக்‌ஷா. அங்கே ஏ.சி. கிடையாது, அலங்காரம் கிடையாது. ஆனால் பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்குக் கீழே கொடுத்தார்கள். சாண்டர்ஸின் ஒப்பந்தத்தை அப்படியே தமிழில் பெயர்த்தது போல இருந்தது. நாடு முழுக்க ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் கிளைகள் விரித்து, கையில் பணம் இல்லாமல் 2009-இல் அவை மூடிப்போனது உங்களுக்குத் தெரியும்.

அச்சிட்ட விலை என்றேன். அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. பாக்கெட்டின் மேல் எடை, விலை எல்லாம் போட வேண்டும் என்று 1977-இல் விதி வந்தது. அப்போது 'உள்ளூர் வரிகள் தனி' என்று போட்டுத் தப்பிக்கலாம். கடைக்காரர் வரி என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார். அதனால் 1990-இல் எல்லா வரியும் உள்ளடங்கிய அதிகபட்ச விலைதான் போட வேண்டும் என்று மாற்றினார்கள். அதுதான் எம்.ஆர்.பி. அதற்குமேல் விற்கக்கூடாது என்று போட்ட கூரை அது. போட்டிக்கு ஆள் இருந்தவரை அதற்குக் கீழே விற்றார்கள். என் கண்ணெதிரே தெருமுனைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. இப்போது பெரும்பாலான சாமானுக்குக் கூரையே தரையாகிவிட்டது. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று எழுதியிருக்கும் பொருளின் எம்.ஆர்.பி.யைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், அதுவே இரண்டுக்குமான விலையாக எனக்குப் படுகிறது.

எடையும் அப்படித்தான். பிஸ்கட், டீத்தூள் போன்றவற்றை இன்ன இன்ன அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு ஒரு பட்டியலே இருந்தது. 2021-இல் விதியைத் திருத்தி அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு ஒரு கிராமுக்கு, அல்லது ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று அலகு விலை போட வேண்டும். போடுகிறார்கள்தான், பூதக்கண்ணாடி வேண்டும். பத்து ரூபாய் பிஸ்கட் இன்றும் பத்து ரூபாய். பாக்கெட் மட்டும் சர்க்கரை வியாதிக்காரனைப் போல இளைத்துக்கொண்டே போகிறது. 2022 ஜூலை 18 முதல் பாக்கெட்டில் அடைத்துப் பெயர் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு, 25 கிலோ வரை, 5 சதவீத ஜி.எஸ்.டி. சில்லறையாக அளந்து கொடுத்தால் வரி இல்லை. ஆனால் அளந்து கொடுக்கத்தான் அங்கே ஆள் இல்லையே. எடுத்துத் தரும் ஆளை நிறுத்தினால் விலை குறையும் என்று ஆரம்பித்தது, ஆள் இல்லாததால் வரியும் சேர்த்துக் கட்டுவதில் வந்து நிற்கிறது.

வாடகை, மின்சாரம், ஏ.சி. எல்லாம் ஏறிவிட்டது, கடைக்காரர்களும் என்ன செய்வார்கள் என்று என் மகன் சொல்கிறான். இருக்கட்டும். ஆனால் வேலையை நான் செய்தால் விலை குறையும் என்ற அந்த ஒப்பந்தத்தில், என் பங்கை நான் இன்னும் செய்துகொண்டிருக்கிறேன். முழங்கால் வலியோடு. அவர்கள் பங்கு எங்கே என்றுதான் கேட்கிறேன். போதாக்குறைக்கு பில் போடும்போது போன் நம்பர் வேறு. நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் துறையே கடைகளுக்கு அறிவுறுத்தியது. "நம்பர் போடாம அடுத்த ஸ்க்ரீன் போகாது சார்" என்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு சட்டமும் கண்ணில் பட்டது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். படித்ததும், அன்றைக்கு நிமிர்ந்து பார்க்காத அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். நான்கு கவுன்ட்டரின் வேலையை ஒருத்தி நின்றுகொண்டு செய்தாள். நான் இருபது நிமிடம் நின்றதற்கே அவ்வளவு கோபம். சாண்டர்ஸ் கணக்கில் மிச்சம் பிடித்தது என் பக்கமும் வரவில்லை, அவள் பக்கமும் போகவில்லை.

இந்த மாதமும் அதே கடைக்குத்தான் போனேன். வேறு கடைக்கு நடக்க முழங்கால் விடவில்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். முக்காலி ஒன்று இருந்தது. அதன்மேல் எண்ணெய் பாக்கெட் அட்டைப்பெட்டி ஏறி உட்கார்ந்திருந்தது.

"அதை இறக்கி வெச்சுட்டு உட்காரலாமேம்மா? சட்டமே இருக்கு."

அவள் மேலே மூலையில் இருந்த கேமராவைக் கண்ணால் காட்டினாள். "உட்கார்ந்தா அப்புறம் கேப்பாங்க சார்."

பிறகு என் கூடையைக் கிளறி, துவரம்பருப்பை முதலில் எடுத்து ஒளியில் காட்டி, திரையை என் பக்கம் திருப்பினாள். "தட்டுல போட்டிருந்த விலைதானா, பார்த்துக்கோங்க சார்."

சரியாகத்தான் இருந்தது. பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார்.