ஒரு சொல்லின் இடப்பெயர்ச்சி

சொற்கள் பொருள் மாறுவது மொழி வரலாற்றில் புதிதன்று. நறுமணத்தைச் சுட்டிய 'நாற்றம்' இன்று எங்கு வந்து நிற்கிறது என்பதைத் தமிழர் அறிவர். ஆயின் மருத்துவத்தில் ஒரு சொல் பொருள் மாறினால், அச்சொல்லால் குறிக்கப்பட்ட மனிதரின் வாழ்வும் மாறிவிடுகிறது. 'ஆட்டிசம்' அத்தகைய சொல்.

சூரிச் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையின் இயக்குநராக விளங்கிய ஆய்கன் ப்ளாய்லர், 1908ஆம் ஆண்டு பெர்லினில் ஆற்றிய உரையில் 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற பெயரை முன்மொழிந்தார். தமிழில் அது மனச்சிதைவு எனப்படுகிறது. 1911இல் வெளிவந்த அவரது நூல், 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று ஆக்கப்பட்ட 'ஆட்டிச'த்தை அந்நோயின் அடிப்படைக் குறிகளுள் ஒன்றாக வைத்தது. புறவுலகை விடுத்து, ஆசையும் அச்சமும் நெய்த அகவுலகில் ஆழ்ந்திருத்தல் என்பதே அதன் பொருள். கவிஞர்க்கு முற்றும் அந்நியமான நிலை அன்று அது. நலமுடையோரின் சிந்தனையிலும் அதன் சாயல் உண்டு என்றே ப்ளாய்லரும் கருதினார்.

1943இல் பால்ட்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர், 11 குழந்தைகளை விவரிக்க இச்சொல்லைக் கடன் வாங்கினார். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் அதையே கையாண்டார். கானர் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டிருந்தார்: இக்குழந்தைகள் உலகோடு கலந்திருந்து பின்னர் விலகியவர் அல்லர், தொடக்கம் முதலே தனித்திருந்தவர். ஆயினும் 1949இல் அவரே, இது குழந்தைப்பருவ மனச்சிதைவின் மிகத் தொடக்க வடிவமாக இருக்கலாம் என்று எழுதினார். கடன் வாங்கிய சொல் தன் பழைய வீட்டை மறக்கவில்லை.

இதன் விலையைக் குழந்தைகளே கொடுத்தனர். நியூயார்க்கின் பெல்வ்யூ மருத்துவமனையில் லாரெட்டா பென்டர் 'குழந்தைப்பருவ மனச்சிதைவு' என்ற பெயரின்கீழ்ப் பலரைச் சேர்த்தார். 1947இல் அவர் வெளியிட்ட கட்டுரை, 100 குழந்தைகளுக்கு அளித்த மின்னதிர்ச்சிச் சிகிச்சையைப் பற்றியது. அவர்களுட் பலர் இன்றாயின் ஆட்டிசக் குழந்தைகள் எனப்பட்டிருப்பர். அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் 1952, 1968ஆம் ஆண்டுக் கையேடுகளிலும் ஆட்டிசத்திற்குத் தனியிடம் இல்லை. மனச்சிதைவின் குழந்தை வகைக்குள்ளேயே அது அடங்கிற்று. தம் முதற் குழந்தைகளை 1971இல் மீண்டும் தேடிச் சென்ற கானர், அரசு மனநல விடுதிகளுக்கு அனுப்பப்பட்டோர் தாம் பெற்றிருந்த திறன்களையும் விரைவில் இழந்ததைக் கண்டார். வேறு சூழலில் வளர்ந்த ஒருவரோ வங்கியில் பணிபுரிந்து கொண்டிருந்தார்.

அதே 1971இல், பிரித்தானியாவில் இஸ்ரேல் கோல்வின் மூன்று வயதுக்கு முன் குறி தோன்றியவரையும் ஐந்து வயதுக்குப் பின் தோன்றியவரையும் ஒப்பிட்டார். இல்லாத குரலைக் கேட்பது பெரும்பாலும் பின்னவரிடமே காணப்பட்டது. ஆட்டிசக் குழந்தைகளிடம் கற்பனை மிகுந்திருக்கவில்லை, குறைந்தே இருந்தது என்று மைக்கேல் ரட்டர் வாதிட்டார். அறுபது ஆண்டுகளில் சொல் தலைகீழாகிவிட்டது. 1971இல் 'ஆட்டிசமும் குழந்தைப்பருவ மனச்சிதைவும்' என்ற பெயரோடு தொடங்கிய ஆய்விதழ், 1979இல் பெயரின் பிற்பகுதியைக் கைவிட்டு 'வளர்ச்சிக் குறைபாடுகள்' என்பதை ஏற்றது. மறு ஆண்டுக் கையேடு இரண்டையும் பிரித்து வைத்தது. ஒருவரிடமே இரண்டும் இருக்கக்கூடும் என்பது வேறு செய்தி; 2013ஆம் ஆண்டுக் கையேடு அதற்கு இடம் தருகிறது.

தமிழில் வழங்கும் 'தற்புனைவு ஆழ்வு' என்ற ஆக்கத்தைக் கலைச்சொல் வல்லுநர் இவ்வரலாற்றோடு வைத்துப் பார்ப்பது நலம். அதிலுள்ள 'புனைவு' ப்ளாய்லரின் 1911ஆம் ஆண்டுப் பொருளைச் சார்ந்தது. கானரின் குழந்தைகளுக்கு அது பொருந்தாது. 'மதியிறுக்கம்' என்போரும் உளர். பெற்றோர் பலர் 'ஆட்டிசம்' என்றே வழங்குகின்றனர்.