நிர்வாகப் படிப்பும் நம்ம தீர்மான நோட்டும்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்துப் பிள்ளைங்க இப்ப பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிக்கிறாங்க. பத்தாவது வரை படிச்ச நமக்கும் அந்தப் படிப்புக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். நிறையவே இருக்கு.

பிரான்ஸ் நாட்டில் சுரங்கக் கம்பெனியை நடத்திய ஹென்றி ஃபயோல் என்பவர் 1916-ல் நிர்வாகத்துக்கு 14 விதிகளை எழுதினார். ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் வெபர், அலுவலகம் என்பது ஆளை நம்பி இல்லை, விதியையும் எழுதி வைத்த பதிவையும் நம்பித்தான் நடக்குது என்று விளக்கினார். நம்ம நாட்டில் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961-ல் ஐ.ஐ.எம். வந்தது. இவங்க எழுதினதைத்தான் இன்னைக்கும் கல்லூரியில் படிக்கிறாங்க.

தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்க ஆரம்பித்தது. அப்ப சேர்ந்த அக்காமார் பல பேர் கையெழுத்துப் போடவே குழுவில்தான் கத்துக்கிட்டாங்க. ஆனாலும் முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை, கணக்கு என்ற பஞ்ச சூத்திரத்தை விடலை. வெபர் சொன்ன விதியும் பதிவும் இதுதானே!

ஒரு வித்தியாசம் உண்டு. கம்பெனியில் உத்தரவு மேலேயிருந்து வரும். குழுவில் தீர்மானம் உறுப்பினர்கிட்டேயிருந்து வரணும். ஒரே ஆள் வருஷக்கணக்கா நோட்டை வச்சிருந்தா, குழு அவங்க வீட்டுச் சொத்து மாதிரி ஆயிடும். தவணை தவறினா வங்கி கேட்கிறது எல்லாரையும்தான். அதனால ஊக்குநர், பிரதிநிதி பொறுப்பு மாறி மாறி வரட்டும். தீர்மானத்தைச் சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்க.