தெருவின் உரிமை: ரஞ்சன்குடியிலிருந்து ஒரு பாடம்

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடந்து வடக்கே செல்வோர் கண்ணில் ரஞ்சன்குடிக் கோட்டை படாமல் இராது. பாறையின் மீது மூன்று அடுக்காக எழுந்த கல்மதில்கள், அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. ஆற்காடு நவாபுக்குக் கீழ்ப்பட்ட ஜாகிர்தார் ஒருவர் கட்டியது என்பர். இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் மதிலையும் கொத்தளத்தையும் காட்டுகின்றனர். கோட்டையை ஒட்டியிருந்த பேட்டையை எவரும் காட்டுவதில்லை.

பேட்டை என்பது கோட்டையின் நிழலில் வாழ்ந்த ஊர். வணிகரும் கைவினைஞரும் குடியிருந்த இடம். சந்தை கூடிய இடம். ஆட்சியாளர் கோட்டையில் இருந்தார். வாழ்க்கை பேட்டைத் தெருக்களில் நடந்தது.

இப்பகுதி ஒரு காலத்தில் பெரிய அதிகார மையம். அருகிலுள்ள வாலிகண்டபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, பிஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோடி ஆண்டார். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் குடியேற 1670-களில் இடமளித்தவர் அவரே. 1677-இல் சிவாஜியின் படையிடம் தோற்று அதிகாரம் இழந்தார். 1751-இல் நவாப் பதவிக்காக முஹம்மது அலியும் சந்தா சாஹிபும் மோதியபோது, ஆங்கிலேயர் ஒரு பக்கமும் பிரெஞ்சுக்காரர் மறுபக்கமுமாக இங்கே போரிட்டனர். கோட்டைத் தலைவரோ இரு தரப்போடும் பேரம் பேசிக்கொண்டிருந்தார். முடிவில் ஆங்கிலேயப் படை திருச்சியை நோக்கிப் பின்வாங்கியது. அதிகாரங்கள் இப்படி மாறி மாறிப் போயின. மதில்கள் மட்டும் அவற்றுக்குச் சாட்சியாக நிற்கின்றன.

நம் முன்னோர் நகரம் அமைத்தபோது மதிலை மட்டுமா எண்ணினர்? ஹிஜ்ரி 17-இல், உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் கூஃபா நகரை அமைத்த வரலாற்றை வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார். பள்ளிவாசலுக்கு இடம் குறித்ததோடு தெருக்களின் அகலமும் வரையறுக்கப்பட்டது. பெருந்தெருவுக்கு 40 முழம். அடுத்தவற்றுக்கு 30, 20. சிறு சந்துக்கு 7 முழம். குறுகிய சந்துக்கும் ஓர் அளவு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த 7 முழத்துக்கு வேர் நபிமொழியில் இருக்கிறது. பாதையின் அகலம் பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தால் ஏழு முழம் என வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நம் கணக்கில் சுமார் பத்தரை அடி. இத்தகைய விதிகளிலிருந்தே ஃபிக்ஹு அறிஞர்கள் தெருச் சட்டத்தை விரித்தனர். வீட்டுக்காரர் தம் வாசல் முன்னுள்ள இடத்தைப் பயன்படுத்தலாம். வழிப்போக்கருக்கு இடையூறு கூடாது. 14-ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரின் கட்டடக் கலைஞர் இப்னுர் ராமீ இத்தகைய வழக்குகளில் காழிகளுக்கு ஆலோசனை கூறியவர். கட்டடச் சட்டங்களைத் தொகுத்து நூலும் எழுதினார். கொத்தனாரின் கரண்டியும் காழியின் தீர்ப்பும் சேர்ந்தே அந்நகரத் தெருக்களை வடிவமைத்தன.

இப்போது லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்களைப் பார்ப்போம். வளைகுடா நாடுகளில் வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தில் அழகிய வீடுகள் எழுகின்றன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் திண்ணை இருந்த இடத்தில் சுற்றுச்சுவர் வருகிறது. படிக்கட்டும் வாகனச் சரிவும் தெருவுக்குள் நீள்கின்றன. ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் நிற்கும் வண்டிகளால் ஆம்புலன்ஸும் நுழைய முடியாத சந்துகள் உண்டு. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் ஓதும் பிள்ளை, வீடு திரும்புவது இந்தத் தெரு வழியாகத்தான்.

தெருவின் உரிமை அண்டை வீட்டாரோடு முடிவதில்லை. வி.களத்தூரில் கோயில் ஊர்வலம் செல்லும் தெருக்கள் குறித்த வழக்கில், பொதுத் தெரு எல்லாச் சமயத்தாருக்கும் உரியது என்ற அடிப்படையில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை வெற்றி தோல்வியாகப் பார்ப்பதை விட, நம் சட்ட நூல்கள் என்றோ சொன்ன நெறியாகப் பார்ப்பதே நமக்குப் பொருத்தம். ஏழு முழப் பாதை யார் நடப்பதற்கு என்று அந்த நபிமொழி பிரித்துச் சொல்லவில்லை. நம் ஜனாஸா செல்லும் வழியும் அண்டையாரின் தேர் செல்லும் வழியும் ஒரே தெருதான். ஒருவருக்கு அடைபடும் தெரு, மற்றவருக்கும் ஒருநாள் அடைபடும்.

ரஞ்சன்குடி மதிலைத் தொல்லியல் துறை காக்கும். நம் தெருவைக் காக்க நம்மைத் தவிர யாருமில்லை. வீடு கட்டத் தொடங்கும் ஒவ்வொருவரும் கடைக்கால் தோண்டுமுன் தெருவுக்கு உரிய அடிகளை அளந்து விடட்டும். ஜமாஅத் நிர்வாகிகள் அதை நினைவூட்டட்டும். நாம் போன பின்னும் நம் பிள்ளைகள் தாராளமாக நடக்கும் பாதைகளை விட்டுச்செல்ல வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.