தேஜோ ஆற்றங்கரையும் தமிழின் முதல் அச்சேடும்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில் சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த வண்டிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அச்சாலையோரத் தேநீர்க் கடையில் அமர்ந்து மேசை, கோப்பை, சாவி, சன்னல், அலமாரி என்று பேசுவோர், ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் கடல்வழி வந்த போர்த்துக்கீசியச் சொற்களையே தம்மையறியாது வழங்குகின்றனர். சரக்குச் செல்லும் வழியிலேயே சொல்லும் சுவையும் செல்லும் என்பது வரலாறு காட்டும் உண்மை. அச்சொற்களை ஏற்றிவந்த கப்பல்கள் புறப்பட்ட நகரம், தேஜோ ஆறு கடலோடு கலக்கும் இடத்திலுள்ள லிஸ்பன் ஆகும்.

லிஸ்பனைக் காணச் செல்வோர் முதலில் நாடுவது பெலெம் துறையையே. 1497 ஜூலை 8ஆம் நாள் வாஸ்கோ ட காமா அங்கிருந்தே பாய் விரித்தார். 1498 மே 20இல் கோழிக்கோட்டை அடைந்தார். 1501இல் அத்துறையருகே ஜெரோனிமோஸ் மடத்தின் கட்டுமானம் தொடங்கிற்று. கடல்கடந்த வணிக வருவாயில் இருபதில் ஒரு பங்கு அதற்கென ஒதுக்கப்பட்டது. சேரநாட்டு மலைச்சாரலில் விளைந்த மிளகு அங்கே கல்லாகவும் சிற்பமாகவும் உருமாறியது எனின் மிகையாகாது. 1755 நவம்பர் 1இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் நகரின் பெரும்பகுதி அழிந்தபோதும் மடம் நிலைத்து நின்றது.

அம்மடத்தின் அருகிலேயே 1837 முதல் ஒரு தின்பண்டக் கடை நடந்து வருகிறது. முட்டை மஞ்சட்கருவும் பாலும் சர்க்கரையும் கலந்த பாகினை மெல்லிய மாவுக்கிண்ணத்தில் ஊற்றிச் சுட்டு, இலவங்கப்பட்டைத் தூள் தூவி உண்பது அவ்வூர் வழக்கம். அப்பட்டையின் மணத்தில் ஈழத்தின் நினைவு எழாதிருக்குமா? ஜூன் மாதம் புனித அந்தோணியார் திருவிழாவின்போது ஆல்பாமா என்னும் பழம்பகுதியின் குறுந்தெருக்களெங்கும் மத்தி மீன் சுடும் புகை சூழ்ந்திருக்கும்.

மதுவுக்கும் நெடிய வரலாறு உண்டு. வடக்கே தோரூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையின் சாறு நொதிக்கும்போதே வடித்த சாராயத்தைச் சேர்த்து, இனிப்புக் குன்றாமல் நிறுத்துவர். அதனை மரப்பீப்பாய்களில் நிரப்பி, ஓடங்களில் ஆற்றின்வழியே போர்ட்டோ நகரின் எதிர்க்கரைக்குக் கொண்டுவந்து முதிரவைத்தனர். 1756இல் அரசு அவ்விளைநிலத்திற்கு எல்லை வகுத்தது. அவர்கள் 'பிப்பா' என்பதே நம் 'பீப்பாய்'. எனினும் மேலை மது தமிழருக்குப் புதியதன்று. யவனர் கலங்களில் வந்த தேறலை நக்கீரர் புறநானூற்றில் பாடியுள்ளார். செங்கற்பட்டு வட்டாரத்துப் பாலாறு கடலோடு கலக்கும் இடத்தருகே, வசவசமுத்திரத்தில் 1970இல் நடந்த அகழாய்வில் மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பாலாற்றங்கரையில் சாடி உடைந்த காலத்திற்கும் தேஜோ கரையில் பீப்பாய் உருண்ட காலத்திற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. கடல்வழி உறவின் இயல்பு ஒன்றே.

உறவு என்னும் சொல் இங்கு முழுமையாகப் பொருந்தாது. யவனர் வணிகராய் வந்தனர். போர்த்துக்கீசியரோ பீரங்கியோடு வந்தனர். தம் அனுமதிச்சீட்டுப் பெறாத கப்பல்களைக் கைப்பற்றினர். அதே கப்பல்களின் காலத்தில்தான் அமெரிக்க நிலத்துப் பயிர்களான மிளகாய், அன்னாசி, கொய்யா, முந்திரி ஆகியனவும் இங்கு வேரூன்றின. வந்த காய்க்கு மிளகின் பெயரையே அடியாக்கி 'மிளகாய்' என்று தமிழர் பெயரிட்டமை நோக்கத்தக்கது. ஆட்சி அகன்றது, காரம் நின்றது.

இவை யாவற்றினும் கவிஞர் பெருமக்கள் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1554 பிப்ரவரி 11ஆம் நாள் லிஸ்பனில் தமிழ் முதன்முதலாக அச்சேறியது. கிறித்தவ மறைக்கல்வி கூறும் அச்சிறுநூலின் பெயர் 'கார்த்தில்யா'. விசென்ட் த நாசரேத், ஜார்ஜ் கார்வால்யு, தொமே த குரூஸ் என்னும் தமிழர் மூவர் அதனை ஆக்கினர். அதில் தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. தமிழ் ஒலிகள் உரோமன் எழுத்தில் நிற்க, போர்த்துக்கீசியப் பொருள் உடன் அமைந்தது. ஆக்கியோர் பெயர்களும் அயல்மொழிப் பெயர்களே. தாய்மொழியின் வடிவமும் தம் பிறப்புப் பெயரும் தெரியாத ஏட்டில் அம்மூவரின் தமிழ் மட்டும் எஞ்சியது. 24 ஆண்டுகளுக்குப் பின், 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. மொழி தன் உருவை மீட்டுக்கொண்ட நாள் அது.

'கார்த்தில்யா'வின் படி லிஸ்பனில், ஜெரோனிமோஸ் மடத்து வளாகத்தில் அமைந்த தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது. மிளகு எழுப்பிய மாளிகையின் ஓரத்தில் தமிழுக்கும் ஓர் இடம்! தேஜோ கரையில் தின்பண்டம் சுவைத்து, மது அருந்தி, கோபுரம் கண்டு மீளும் தமிழர் அவ்வேட்டையும் எண்ணிப் பார்த்தல் தகும். உண்டது செரிக்கும், பீப்பாய் இற்றுப்போகும். எழுத்தில் ஏறிய சொல்லோ, அயல் உடை தரித்தேனும் நானூற்றெழுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. பத்தாண்டு நிறைவில் தம் பாடல்களைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றி மகிழும் இலக்கிய வட்டத்தார், அந்த மூவருக்கும் ஒரு நன்றிக்கடன் உடையர்.