எகிப்துக் கோயிலில் ஏழரைக் கிலோ மிளகு

திருவல்லிக்கேணியிலிருந்து இன்னொரு எபிசோடு. நடுவுல ஷேர் ஆட்டோ ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க.

எகிப்துக் கடவுள்கள் பற்றிப் பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. கூடவே ஒரு ஃபார்வர்டும் வந்தது. ஐசிஸ்னா நம்ம ஈசி, அமூன்னா நம்ம அம்மன், அதனால எகிப்துக் கடவுள்கள் எல்லாருமே தமிழ்க் கடவுள்கள்தான்னு. படிக்க ஜாலியா இருக்கு. கொஞ்சம் டீபக் பண்ணிப் பார்ப்போம்.

'ஐசிஸ்' என்பது கிரேக்க உச்சரிப்பு. எகிப்தியர்கள் அவளை 'அசெத்' என்பது போல அழைத்தார்கள். அவள் பெயரை எழுதும் சித்திர எழுத்தே ஒரு சிம்மாசனம்தான். அமூன் ஆண் தெய்வம். பெயருக்கு 'மறைந்திருப்பவன்' என்று பொருள். இரண்டு ஃபங்ஷனுக்கு ஒரே மாதிரி பேர் இருந்தா, உள்ளே ஒரே கோடு ஓடுதுன்னு அர்த்தம் இல்லையே.

இந்தப் பெயர்ப் பொருத்தம் பார்க்கிற பழக்கம் புதுசும் இல்லை. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் ஊரில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் ஏட்டில் ஐசிஸ் துதி ஒன்று இருக்கிறது. எந்த நாட்டில் அவளுக்கு என்ன பெயர் என்று பட்டியலே போடுகிறது. அதில் இந்தியர்களிடம் அவள் பெயர் 'மையா'. தங்கள் தெய்வம்தான் எல்லா ஊரிலும் இருக்குன்னு அவங்களும் நம்பினாங்க. நம்ம ஃபார்வர்டை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி!

சரி, தமிழ்நாட்டுக்கும் எகிப்துச் சாமிகளுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கு. அதுக்குச் செங்கடல் கரைக்குப் போகணும்.

அங்கே பெரெனிகே என்று ஒரு துறைமுகம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இரண்டாம் தாலமி தன் அம்மா பெயரில் அமைத்தது. பிறகு ரோமர் காலத்தில் பருவக்காற்றைப் பிடித்து இங்கிருந்து முசிறி வரை கப்பல்கள் வந்தன. அந்த ஊரில் செராபிஸுக்கு ஒரு கோயில். செராபிஸ் கொஞ்சம் கலப்பான சாமி. எகிப்தின் ஒசிரிஸும் ஆபிஸ் காளையும் சேர்ந்த தெய்வத்துக்குக் கிரேக்கத் தாடி வைத்த மாதிரி. தலையில் தானியம் அளக்கிற மரக்கால் போன்ற கிரீடம்.

அந்தக் கோயில் முற்றத்தில், தரையில் பதித்த ஒரு பெரிய ஜாடியை அகழாய்வில் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் செய்த ஜாடி. உள்ளே 7.55 கிலோ மிளகு. கி.பி. 1ஆம் நூற்றாண்டுச் சரக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்து, கடல் தாண்டி, ஒரு எகிப்துச் சாமியின் முற்றத்தில் உட்கார்ந்திருக்கு.

மிளகு மட்டும் போகலை, ஆளும் போயிருக்காங்க. 1995இல் அதே பெரெனிகேயில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடு ஒன்று கிடைத்தது. ஐராவதம் மகாதேவன் அதில் 'கொற்றபூமான்' என்ற பெயரைப் படித்தார். அதே கரையில் வடக்கே குசேர் அல் கதீமில் இன்னொரு ஓடு. அதில் 'பானை ஒறி' என்ற சொற்கள். ஒறின்னா உறிதான். நம்ம ஏரியாவுல கிருஷ்ண ஜெயந்திக்கு உறியடி பார்க்கிறோமே, அதே உறி.

2022இல் பெரெனிகேயின் ஐசிஸ் கோயிலில் பளிங்கில் செய்த புத்தர் சிலையும் கிடைத்தது. அங்கேயே கி.பி. 3ஆம் நூற்றாண்டு சமஸ்கிருதக் கல்வெட்டும் உண்டு. கடலோடிகளைக் காக்கும் தெய்வமாக ஐசிஸைக் கும்பிட்ட ஊரில், வெளியூர்க்காரர்களின் சாமிக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

இப்போ அந்த ஃபார்வர்டுக்குத் திரும்பி வருவோம். 'எல்லாமே நாமதான்'னு சொன்னா பெருமையா இருக்கும். ஆனா அப்போ கொற்றபூமான் வேற எங்கேயும் போகலை, சொந்த வீட்டுக்கே போய்ட்டு வந்தார்னு ஆயிடும். மொழி தெரியாத ஊர், பேர் தெரியாத சாமி, நடுவுல அவ்வளவு பெரிய கடல். அவ்வளவையும் தாண்டிப் போய், தன் பெயரைத் தன் எழுத்திலேயே ஒரு பானையில் விட்டுட்டு வந்திருக்கார். அந்தத் துணிச்சலைத்தான் நாம அழிக்கிறோம்.

அடுத்த தடவை கோயில் வெண்பொங்கலில் மிளகு கடிபட்டா, அந்த ஜாடியை நினைச்சுக்கோங்க. ஃபார்வர்டு பண்ணணும்னா அதைப் பண்ணுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.