நங்கல் ஏன் ஹைட்ரஜனைக் கைவிட்டது?

மறைமலை நகர்லேர்ந்து இன்னொரு எபிசோட். இந்த வாரம் கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும், பயந்துடாதீங்க. பிளஸ் டூவுல படிச்சதுக்கு மேல எதுவும் இல்ல.

2025 செப்டம்பர்ல தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துல ஒரு சின்ன பசுமை ஹைட்ரஜன் ஆலையைத் திறந்தாங்க. செலவு 3.87 கோடி ரூபாய். மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் எடுக்கும். அதை வெச்சு துறைமுகக் குடியிருப்புல தெருவிளக்கும் ஒரு சார்ஜிங் பாயின்டும் ஓடும்னு சொன்னாங்க. நாட்டுல ஒரு துறைமுகம் இப்படிச் செய்றது இதுதான் முதல் முறை. நம்ம பக்கமும் சும்மா இல்ல. வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டுல போய்த் திரும்பினா வர்ற தையூர்ல, ஐஐடி மெட்ராஸ் வளாகத்துல, ஹைட்ரஜன் ஆராய்ச்சிக்குன்னே ஒரு மையம் வருது. பெரம்பூர் ஐசிஎஃப்ல ஹைட்ரஜன் ரயில் பெட்டியே செஞ்சு ஓட்டிப் பார்த்துட்டாங்க.

இதையெல்லாம் படிக்கும்போது ஏதோ நேத்துதான் இந்த டெக்னாலஜி பொறந்த மாதிரி இருக்கும். ஆனா பேர் மட்டும்தான் புதுசு. ஆத்துத் தண்ணியில மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தால தண்ணியைப் பிரிச்சு, ஹைட்ரஜன் எடுக்கற ஒரு பெரிய ஆலை இந்தியாவுல அறுபது வருஷம் முன்னாடியே ஓடுச்சு. மணிக்கு 10 கன மீட்டர் இல்ல, இருபதாயிரம் கன மீட்டருக்கும் மேல. அப்புறம் அதை நாமளே நிறுத்திட்டோம். ஏன் நிறுத்தினோம்ங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

அதுக்கு முன்னாடி மேட்டூர். நம்ம ஊர்க் கதையை விட்டுட்டு பஞ்சாப் போக மனசு வரல.

மேட்டூர் அணை 1934ல முடிஞ்சுது. 1937ல அங்க மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சாங்க. பைக்காரா மின்நிலையம் 1932லயே வந்தாச்சு. ரெண்டையும் ஈரோட்டுல இணைச்சாங்க. இவ்வளவு மின்சாரத்தை யார் வாங்குவாங்க? கோயம்புத்தூர் மில்லுங்க வாங்குச்சு. திருச்சி சேஷசாயி சகோதரர்கள் இன்னொரு வழி யோசிச்சு, அணைக்குப் பக்கத்துலயே 1936ல மேட்டூர் கெமிக்கல்ஸ் கம்பெனியை ஆரம்பிச்சாங்க. உப்புத் தண்ணியில மின்சாரம் பாய்ச்சினா காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். கூடவே ஹைட்ரஜனும் வரும். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு 25 கிலோ ஹைட்ரஜன்னு கணக்கு. காவிரி மின்சாரத்துல வந்த அந்த ஹைட்ரஜனை இன்னைக்கு பசுமைன்னுதான் சொல்லுவோம். அன்னைக்கு அது பை-புராடக்ட், அவ்வளவுதான். அந்த ஆலை இப்போ கெம்பிளாஸ்ட் சன்மார் கையில இருக்கு.

இதே சகோதரர்கள்தான் ஆலுவா பக்கத்துல ஃபாக்ட் உரத் தொழிற்சாலையைக் கட்டினாங்க, 1947ல உற்பத்தி ஆரம்பிச்சுது. அங்க அம்மோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனை எதுலேர்ந்து எடுத்தாங்க தெரியுமா? விறகு! காட்டு மரத்தை வெட்டி, எரிவாயுவாக்கி எடுத்தாங்க. கேரளாக்காரங்க இதை ஞாபகம் வெச்சிருக்காங்களான்னு தெரியல.

சரி, பஞ்சாப் போவோம்.

சட்லெஜ் ஆத்துல பாக்ரா அணை. அதுக்குக் கொஞ்சம் கீழ நங்கல். நேரு அணைகளைக் கோயில்னு சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும், அதுக்குள்ள போகல. எனக்கு சுவாரசியமா பட்டது வேற. ஐம்பதுகளோட நடுவுல பிளான் போடறவங்களுக்கு ஒரு தலைவலி இருந்துச்சு. அணை முடிஞ்சதும் ஏகப்பட்ட மின்சாரம் வரும். இடது கரை மின்நிலையத்துல மட்டும் 90 மெகாவாட் இயந்திரம் அஞ்சு, மொத்தம் 450 மெகாவாட். அன்னைக்கு அந்தப் பகுதியில அவ்வளவு மின்சாரத்துக்கு ஆளே இல்ல. சர்வர் ரெடி, யூசர் யாரும் இல்லங்கிற நிலைமை.

அப்போ நாட்டுக்கு உரம் தேவை. உரத்துக்கு அம்மோனியா வேணும், அம்மோனியாவுக்கு நைட்ரஜனும் ஹைட்ரஜனும் வேணும். நைட்ரஜன் காத்துலேர்ந்து கிடைச்சுடும். கஷ்டம் ஹைட்ரஜன்தான். பீகார்ல சிந்திரி ஆலை 1951லேர்ந்து நிலக்கரியை வெச்சு அதை எடுத்துக்கிட்டு இருந்துச்சு. நங்கல்ல நிலக்கரி இல்ல, ஆனா தண்ணியும் மின்சாரமும் இருந்துச்சு. நார்வேல ஏற்கெனவே இந்த வழி ஓடிக்கிட்டு இருந்தது. ரியூக்கான்ங்கிற மலை ஊர்ல நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனி, அருவி மின்சாரத்தால தண்ணியைப் பிரிச்சு அம்மோனியா செஞ்சுது. அதே வழியை நங்கல்ல எடுத்தாங்க. 1961ல உர ஆலை ஓட ஆரம்பிச்சுது.

இங்க ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க சுமார் 9 லிட்டர் தண்ணி போதும். மின்சாரம் மட்டும் 50லேர்ந்து 55 யூனிட் வேணும். 100 யூனிட்டை அப்படியே கொடுத்தா ரெண்டு கிலோ ஹைட்ரஜன் கூட முழுசா வராது. ஒரு டன் அம்மோனியாவுக்கு 177 கிலோ ஹைட்ரஜன் தேவை. அதாவது கிட்டத்தட்ட 9,000 யூனிட். நங்கல் ஆலை நூறு மெகாவாட்டுக்கும் மேல இழுத்துச்சு. அந்த இடது கரை மின்நிலையத்தோட முழுத் திறன்ல அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல.

தண்ணியைப் பிரிக்கறதுல இன்னொரு லாபம் இருந்துச்சு, கனநீர். சாதாரண ஹைட்ரஜன் முதல்ல பிரிஞ்சு வெளிய வந்துடும். கனமான டியூட்டீரியம் மெதுவா வரும், அதனால மிச்சம் இருக்கற தண்ணியில அதோட அளவு கூடிக்கிட்டே போகும். அணு உலைக்கு இது வேணும். ரியூக்கான்ல நாஜிகள் கைக்கு இது போகக் கூடாதுன்னுதான் 1943ல நார்வே கமாண்டோக்கள் ஆலைக்குள்ள புகுந்து வெடி வெச்சாங்க. நங்கல்ல 1962ல இந்தியாவோட முதல் கனநீர் ஆலை வந்துச்சு, வருஷத்துக்கு 14 டன் திறன். ஆக ஒரே தண்ணி. ஒரு பக்கம் வயலுக்கு உரம், இன்னொரு பக்கம் அணுசக்தித் துறைக்குக் கனநீர்.

இப்போ நான் ரொம்ப ரசிச்ச ஒரு விஷயம். நங்கல்ல யூரியா செய்யல, கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் செஞ்சாங்க. காரணம் என்னன்னா, யூரியா செய்ய அம்மோனியாவோட கார்பன் டை ஆக்சைடும் வேணும். நிலக்கரியோ எரிவாயுவோ வெச்சு ஹைட்ரஜன் எடுத்தா அது கூடவே வந்துடும். தண்ணியைப் பிரிச்சா வராது. கரி இல்லாத ஆலையில யூரியாவும் இல்ல. இதை மனசுல வெச்சுக்கோங்க, தூத்துக்குடிக்குத் திரும்பும்போது வேணும்.

இப்படி ஜம்முனு ஓடின ஆலைக்கு என்ன ஆச்சு?

அறுபதுகளோட கடைசியில பசுமைப் புரட்சி வந்துச்சு. குட்டைக் கோதுமை ரகங்களுக்கு ரெண்டு விஷயம் வேணும்: நிறைய தழைச்சத்து, நேரத்துக்குத் தண்ணி. தழைச்சத்து நங்கல் மாதிரி ஆலையிலேர்ந்து வரணும். தண்ணிக்கு பஞ்சாப் விவசாயிங்க ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டார் மாட்டினாங்க. மோட்டாருக்கும் மின்சாரம், உரத்துக்கும் மின்சாரம். அதே சட்லெஜ், அதே மின்நிலையம். லூதியானா தொழில் பட்டறைகளும் டெல்லியும் வேற வரிசையில நின்னுச்சு. பத்தே வருஷத்துல 'யார் வாங்குவா'ங்கிற கேள்வி 'யாருக்குக் கொடுக்கறது'ன்னு மாறிப்போச்சு. எழுபதுகள்ல வட இந்தியா முழுக்க மின்வெட்டு. ஆலைக்கும் மின்சாரத்தைக் குறைச்சாங்க. விவசாயி மோட்டாரை நிறுத்திட்டு உர ஆலையை ஓட்டறேன்னு எந்த அரசாங்கமாவது சொல்லுமா?

1978ல நங்கல் விரிவாக்கம் உற்பத்திக்கு வந்துச்சு. அதுக்கு மூலப்பொருள் எரிஎண்ணெய். 1973ல கச்சா எண்ணெய் விலை நாலு மடங்கு ஏறி உலகமே ஆடிப்போனதுக்கு அப்புறமும் அதுதான் கட்டுப்படியாச்சு. எண்ணெய் வந்ததும் கார்பன் டை ஆக்சைடும் வந்துச்சு, யூரியாவும் வந்துச்சு. மின்பகுப்பு படிப்படியா ஓரம் போச்சு. 2013 வாக்குல எண்ணெய்லேர்ந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறினாங்க. ஆலை இன்னைக்கும் ஓடுது, நேஷனல் ஃபெர்டிலைசர்ஸ் பேர்ல.

இது நங்கலுக்கு மட்டும் நடந்ததில்ல. நார்வேல குளோம்ஃபியோர்ட்ங்கிற இடத்துல இருந்த ஆலை 1991 வரை தாக்குப்பிடிச்சுது. ஜிம்பாப்வேல குவேகுவே ஊர்ல இருந்த ஆலையை 2015ல நிறுத்தினாங்க, நாட்டுல கரன்ட் பத்தல. டெக்னாலஜி எங்கேயும் தோக்கல. மின்சாரத்துக்கு வேற ஆள் வந்துட்டாங்க.

இந்தக் கதையில எண்ணிக்கையில வராத ஆட்களும் இருக்காங்க. பாக்ராவுக்காக பழைய பிலாஸ்பூர் நகரமே கோவிந்த் சாகர் ஏரிக்குள்ள போச்சு. நம்ம மேட்டூர்ல நீர்மட்டம் இறங்கினா ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளிய தெரியும், டிவியில எல்லாம் காட்டுவாங்க. அந்த நந்தியைச் சுத்தி ஊர் இருந்துச்சு. ஆத்து மின்சாரம் கரியில்லாத மின்சாரம்தான். இலவசம் இல்ல.

இப்போ தூத்துக்குடி. 2023 ஜனவரியில மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்குச்சு. 2030க்குள்ள வருஷத்துக்கு 50 லட்சம் டன் இலக்கு. மேல சொன்ன கணக்கைப் போட்டா, அதுக்கு மட்டும் 25,000 கோடி யூனிட் மின்சாரம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு மேல வந்தா அது பசுமை இல்லன்னும் விதி போட்டிருக்காங்க. நல்ல விதி. நம்ம வீட்டு பிளக் பாயின்ட்ல வர்ற சாதாரண கரன்ட்ல எடுத்தா, யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோன்னு வெச்சுக்கிட்டா கூட, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 35 கிலோ வரும். இயற்கை எரிவாயுல எடுத்தாலே 10 கிலோவை ஒட்டித்தான் வரும். அதாவது தப்பான மின்சாரத்துல எடுத்த 'சுத்தமான' ஹைட்ரஜன் மூணு மடங்கு மோசம்.

நமக்குப் புது ஆறும் இல்ல, புதுசா பெரிய அணை கட்ட இடமும் இல்ல. தென் தமிழ்நாட்டுக் காத்தும் வெயிலும்தான் இதுக்கான மின்சாரம். தூத்துக்குடியில செம்ப்கார்ப் மாதிரி கம்பெனிங்க பசுமை அம்மோனியா செஞ்சு ஜப்பானுக்கு அனுப்பறதா அறிவிச்சிருக்காங்க. அதே ஊர்லதான் ஸ்பிக் யூரியா ஆலையும் இருக்கு, அது எரிவாயுல ஓடுது. பசுமை அம்மோனியாவை அதுக்குக் கொடுத்துடலாமேன்னு தோணும். ஆனா கரி எங்கேர்ந்து வரும்? நங்கல்காரங்க பார்த்த அதே கேள்வி. நம்ம டெல்டா விவசாயி கேக்கறது யூரியாதான், நைட்ரேட் இல்ல.

என் பார்வை இதுதான். அம்மோனியா ஏற்றுமதி பண்ணட்டும், தப்பில்ல. ஆனா அதுக்கான காத்தாலையும் சோலாரும் அதுக்குன்னே புதுசா வந்ததா இருக்கணும். மே மாசம் ராத்திரி பத்து மணிக்கு, காத்து நின்னு, தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை எல்லா வீட்டுலயும் ஏசி ஓடறப்போ, மின்பகுப்பு ஆலையை யார் நிறுத்தச் சொல்லுவாங்க, அது எந்த ஒப்பந்தத்துல எழுதியிருக்குன்னு இப்பவே கேக்கணும். நங்கல்ல அதைக் கேக்கறதுக்குள்ள பதினஞ்சு வருஷம் ஓடிடுச்சு.

ராத்திரி பத்து மணின்னதும் உங்கள்ல சில பேர் 'பேட்டரி இருக்கே'ன்னு சொல்லுவீங்க. ஆனைமலையில கடம்பாறைன்னு ஒரு இடம், 400 மெகாவாட். பகல்ல தண்ணியை மேல ஏத்தி ராத்திரி இறக்கற மின்நிலையம், எண்பதுகள்லயே கட்டினது. அடுத்த எபிசோட் அதுதான். பார்க்கலாம்.